குசினி வழியாகப் போகும் பாதை

2007ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் தொடக்கம் நிந்தவூரின் எல்லாத் தெருக்களும் நதீராவின் வீட்டு வாசலில் வந்து முடிந்தன. முதலில் வந்தவர் மீன் வியாபாரி அபுல் ஹஸன். மாவடிப்பள்ளிக்குச் சைக்கிளில் புறப்பட்டவர் கேற்றடியில் நின்று, "இதென்னகா, றோட்டு இங்க முடியுது?" என்று கேட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியைத் தாண்டி, குசினிக் கதவால் வெளியேறினார். அந்தப் பக்கம் மாவடிப்பள்ளி வயல் கிடந்தது. பத்து நாளில் ஊர் பழகிவிட்டது. ஆட்கள் வாசலில் ஸலாம் சொல்லி, ஹோலைக் கடந்து, அடுப்படியில் நிற்கும் நதீராவின் உம்மாவைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி போனார்கள். பஸ்கள் கேற்றடியில் ஆட்களை இறக்கின. குசினிக்குப் பின்னால் வேறு பஸ்கள் காத்து நின்றன.

காரணம் நதீராவுக்குத் தெரியும். அறுகம்பேக் கடற்கரையில் ஜவுபரின் விடுதியைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. கரையோரம் திரும்பக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்ததால் மனிதர் கட்டிடத்துக்கு முந்தியே இணையத்தளத்தைக் கட்டினார். தளத்துக்கு ஆள் வரவேண்டுமென்றால் உலகம் முழுக்க உள்ள மற்றத் தளங்களில் கட்டுரை போட வேண்டுமாம். ஆங்கில டிப்ளோமா முடித்து, ஆசிரியர் நியமனத்துக்கு ஆறு வருடமாகக் காத்திருந்த நதீரா, மசூரின் கொமினிகேசன் கடைக் கணினியில் அவற்றை எழுதினாள். பல்வலி, பூனைக்கு வரும் உண்ணி, தனியே வாழும் ஆண்கள் சமைக்கக்கூடிய ஐந்து கறிகள் என்று எதைப் பற்றி எழுதினாலும், மூன்றாம் பந்தியில் ஒரு சொல்லைப் பிடித்து அதற்குள் விடுதியின் இணைப்பை வைத்துவிட வேண்டும். முகவரி இல்லாத கட்டுரையை யாரும் ஏற்கமாட்டார்கள். விடுதியின் பழைய முகவரியிலோ கடல்தான் இருந்தது. விருந்தாளியை ஆளில்லாத இடத்துக்கு அனுப்புவது நதீராவுக்குப் பாவமாகப் பட்டது. வாங்க, இரிங்க என்று சொல்ல ஒருவராவது வேண்டாமா? தன் வீட்டு இலக்கத்தைப் போட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளிலும் போட்டாள். அத்தனை இணைப்பும் ஒரே வாசலைக் காட்ட, தெருக்களும் அங்கேயே திரும்பிவிட்டன. நல்ல வளர்ப்பு சிலவேளை ஆளை இப்படிக் கவிழ்த்துவிடும்.

மற்றவர்களுக்குக் குசினிக் கதவு போகவேண்டிய ஊரில் திறந்தது. நதீராவுக்கு மட்டும் அது தன் வீட்டு முன்வாசலில் திறந்தது. 2008இல் நியமனக் கடிதம் வந்தது. பொத்துவில் பக்கம் ஒரு பாடசாலை, பதினான்கு நாளுக்குள் கடமையைப் பொறுப்பேற்க வேண்டும். உம்மா அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டாள். பொத்துவிலில் பார்த்தால் உம்மாவின் கையில் நதீராவின் வளையல் மட்டும் இருந்தது. கடைக்குப் போகிற வழியில் மசூர் குசினியைக் கடந்தபோது நதீரா மறித்தாள்.

"மசூர் நானா, எல்லாத்தையும் அழிச்சி விடுங்க. நான் ஸ்கூலுக்குப் போகணும்."

"நாம போட்டத்த எப்பவோ அழிச்சிட்டன் தங்கச்சி. மத்தவனுகள் கொப்பி அடிச்சி ஆயிரத்தி நூறு இடத்துல போட்டிரிக்கானுகள். அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஆரு அவனுகள்?"

"ஆருக்குத் தெரியும்? பேரில்லாத ஆக்கள்."

பதினான்கு நாளும் போயின. எல்லா வாகனமும் அங்கேதான் வருகிறது என்று படையினர் சோதனைச் சாவடியை ஹோலுக்குள் மாற்றினார்கள். தேநீர் ஊற்றப் போகும்போதும் நதீரா அடையாள அட்டையைக் காட்டினாள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. படையினர் மணல் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு குசினியால் போனார்கள், பாதை எல்லாம் திறந்துவிட்டது என்று வானொலி சொன்னது, யாழ்ப்பாணம் பார்க்கக் கிளம்பிய குடும்பங்கள் சோற்றுப் பார்சலோடு அடுப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தன. நதீரா புது அபாயாவைப் போட்டுக்கொண்டு குசினிக் கதவைத் திறந்தாள். முன்வாசலில் நின்றாள். அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அதுவரை பழியில் பாதியை யுத்தத்தின் மேல் போட்டு வைத்திருந்தாள்.

அடுத்த வருடம் ஜவுபர் கொஞ்சம் உள்ளே தள்ளி விடுதியைக் கட்டினார். தேடுகிறவர்களுக்கெல்லாம் முதலில் அதன் பெயர்தான் வந்ததாம். வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்குப் பலகையைக் குசினிக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு போனார்கள். கடமைக்கு வராத நதீராவின் பெயரைப் பட்டியலில் இருந்து வெட்டுவதற்காகப் பொத்துவிலுக்குப் புறப்பட்ட கல்வி அதிகாரி சரீபும் அந்த வாசலில்தான் வந்து நின்றார்.

"நீங்க ஏன் டீச்சர் இன்னும் கடமைக்குப் போகல்ல?"

"ஒவ்வொரு நாளும் வெளிக்கிடுறன் சேர். பாருங்க."

அவள் குசினியால் வெளியேறி, வாசலால் ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். அதிகாரி மூன்று முறை பார்த்தார், ஒரு முறை குசினிப் பக்கம் நின்றும் பார்த்தார். சட்டம் அறிந்த மனிதர். கோப்பைத் திறந்து, "ஆசிரியை சமூகமளிக்கிறார். பாடசாலை சமூகமளிக்கவில்லை" என்று எழுதி, பெயரை வெட்டாமல் ஒப்பமிட்டார்.

இப்போதும் காலை ஏழு மணிக்கு நதீரா சேலை உடுத்து, அபாயா போட்டு, பாடக்குறிப்புப் புத்தகத்தோடு குசினியால் புறப்படுகிறாள். ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு வாசலில் வரிசையாக நிற்பவர்கள், "டீச்சர் வாறா, வழி உடுங்க" என்று விலகிக்கொள்கிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது விவரம் கேட்டால், அவவுக்கு இன்னும் இடமாற்றம் கிடைக்கல்ல என்று சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டில் குசினியைக் கடந்து போகிறார்கள்.