பதினேழாம் துண்டின் கால்கள்

கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில், எழுதிய துறவியின் மடத்தையும் காலத்தையும் சொல்லிவிடும் கண் ஐரோப்பாவில் மொத்தம் இரண்டு ஜோடிதான் இருந்தது. ஒரு ஜோடிக்குச் சொந்தக்காரர் போன வருடம் காலமானார். மற்றது கொர்பீனியனுடையது. இதை அவனே சொன்னான், சிரிக்காமல்.

பவேரியாவில் ஒரு மடத்து நூலகம். ஆயிரத்திருநூறு வருடத்து லத்தீன் தோல் ஏடுகளை, பின்னாளில் எவனோ ஒரு பைண்டர் சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்கி, வேறு புத்தகங்களின் முதுகுக்குள் முட்டுக் கொடுத்திருந்தான். அந்தத் துண்டுகளுக்குத்தான் கேட்லாக் தயாரானது. கொர்பீனியன் பார்ப்பான், காலம் சொல்வான். கூட வேலை பார்க்கும் ஆஃப்ரா, துண்டின் படத்தின்மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து ஒவ்வோர் எழுத்தாக வரைவாள்.

“என்ன ஆஃப்ரா, ஹோம்வொர்க் முடிஞ்சுதா? டீச்சர்கிட்ட காட்டி ஸ்டார் வாங்கிக்கோ.”

“கை போன வழி கண்ணுக்குத் தெரியாதுடா.”

“உன் கண்ணுக்கு.”

பதினேழாம் துண்டுக்கு, ‘இத்தாலி, எட்டாம் நூற்றாண்டு, நளினமான கையெழுத்து’ என்று எழுதினான். பதினெட்டுக்கு, ‘பவேரியா, ஒன்பதாம் நூற்றாண்டு, முரட்டுக் கை’. வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கேட்லாக் அச்சகத்துக்குப் போகவேண்டும், முதல் பக்கத்தில் அவன் பெயரோடு.

பதினொன்றே காலுக்கு ஆஃப்ரா இரண்டு தாள்களை அவன் முன் வைத்தாள்.

“பதினேழுல ஒரு எழுத்துக்கும் கால் இல்ல. வரையும்போது பென்சில் தானா கீழ இறங்கப் பாக்குது. பதினெட்டுல எதுக்கும் தலை இல்ல.”

இரண்டையும் நெருக்கினாள். ஒரே வரி. பைண்டர் எழுத்துகளின் நட்டநடுவே கத்தி வைத்திருந்தான்.

“அப்போ உன் துறவி இத்தாலியில தலையை எழுதிட்டு, நூறு வருஷம் நடந்து வந்து இங்க காலை எழுதினாராக்கும்?”

கொர்பீனியன் எழுந்து ஓடினான். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டிருந்தான். கேட்லாக்கை அனுப்பவேண்டிய நூலகர் ஹாஸ்லிங்கர் அம்மா நாற்காலியில் இல்லை. சமையலறையில், யாருடைய பிறந்தநாளுக்கோ வந்த, ஊர் வழக்கப்படி மத்தியான மணிக்கு முன்பே தின்று தீர்க்கவேண்டிய வெள்ளை சாசேஜைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்.

“மேடம்… கேட்லாக் போயிடுச்சா?”

“பன்னெண்டு மணி அடிச்சிட்டா இதை எவன் தின்பான்? அச்சகம் எங்கயும் ஓடிடாது, சாப்பிட்டு அனுப்பிக்கலாம்னு விட்டுட்டேன். உன் மூஞ்சி ஏம்ப்பா இதைவிட வெளுத்திருக்கு? உக்காரு, ஒண்ணு எடுத்துக்கோ.”

உட்கார்ந்தான். இனிப்புக் கடுகு விழுதில் தோய்த்து இரண்டு தின்றான். மூன்றாவதைத் தின்னும்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

மேலே போய் இரண்டு பதிவுகளை ஒன்றாக்கினான். அதன் கீழே ஆஃப்ராவின் பெயரைச் சேர்த்தான். அவள் சாப்பிடப் போயிருந்தாள். அவள் மேசையிலிருந்து ஒரு ட்ரேசிங் பேப்பரை உருவி, பத்தொன்பதாம் துண்டின் படத்தின்மேல் விரித்து, முதல் எழுத்தில் பென்சிலை வைத்தான்.