நெற்றியில் எண்ணெய்

லோயிஸ் ஈரத்துணியால் தம்பியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் முழுதாகப் போகவில்லை. துடைக்கத் துடைக்கப் பரவிப் புருவம் வரை மினுங்கியது. துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மறுபடி துடைத்தாள். தோலில் இன்னும் சூடு இருந்தது. சைலஸ் இறந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் போகும்போது அவள் பக்கத்தில் இல்லை. அம்மாவை அழைத்துவரப் போயிருந்தாள். போக வரப் பதினெட்டு மைல். திரும்பும்போது சோளம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டே வந்தது. அந்த நேரத்தில், சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தின் போதகர் ஹோபர்ட் அறைக்கு வந்திருக்கிறார். கதவோரம் மாட்டியிருந்த தாளைப் பார்த்திருக்கிறார். மதம் என்ற இடத்தில் பாப்டிஸ்ட் என்று இருந்தது. நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்திருக்கிறார். ஜெபம் முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

பாப்டிஸ்ட் என்று எழுதியவள் லோயிஸ்.

பதினொரு நாளுக்கு முன் அவனை அங்கே சேர்த்தபோது, மேசைக்குப் பின்னால் டெப்ரா உட்கார்ந்திருந்தாள். லோயிஸ் பியானோ வாசிக்கும் சபையில் டெப்ரா பாடகர் குழுவில் இருப்பவள். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "ஒரு கட்டத்தை விட்டுட்டியே லோயிஸ்."

அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று காரில் வரும்போதே சைலஸ் சொல்லியிருந்தான். "சாத்தானியம்னு போடுக்கா. கொட்டை எழுத்துல போடு. அவங்க மூஞ்சியை நான் பாக்கணும்." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் வலிக்கும்.

ஆனால் அப்போது அவன் சக்கர நாற்காலியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பறவைகளுக்குத் தீனி வைத்திருந்தார்கள். டெப்ரா பேனாவையே பார்த்தபடி காத்திருந்தாள். லோயிஸின் கை நாற்பது வருடமாக எழுதிவந்ததை எழுதியது.

அவன் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் கடவுள்கிட்ட திரும்பி வந்துட்டேன்னு யாரையும் சொல்ல விடாதே. அது மட்டும்தான் அக்கா. மத்தபடி என்னைக் குப்பையில போட்டாலும் சரி."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவனுக்குப் பதினான்கு வயதில், கட்டிலுக்கு அடியில் நான்கு இசைத்தட்டுகளும் கொம்பு வைத்த மனிதர்கள் வரைந்த நோட்டு ஒன்றும் கிடைத்தன. அந்த வருடங்களில் இண்டியானா முழுக்கப் பிள்ளைகளைப் பிசாசு பிடித்துக்கொண்டு போகிறது என்ற பேச்சாகவே இருந்தது. அப்பாதான் சபையின் பாஸ்டர். சபையின் நிலவறையில் ஒரு நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்து, மூப்பர்கள் முறைபோட்டு இரண்டு நாள் ஜெபித்தார்கள். மூன்றாம் நாள் ஞாயிறு. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, சாத்தான் என்னை விட்டுப் போய்விட்டான் என்று சாட்சி சொன்னான். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. பத்தொன்பது வயது லோயிஸ் பியானோவில் துதிப்பாட்டை ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டே சொன்னான், "போறதுக்கு அவன் முதல்ல வந்திருக்கணுமே அக்கா."

நாற்பது வயதில் அவன் சாத்தானியக் கூட்டம் ஒன்றில் சேர்ந்தான். எட்டுப் பேர். மாதத்தின் முதல் செவ்வாய் மாலை, பௌலிங் விளையாடும் இடத்தின் பின்னறையில் கூடுவார்கள். லோயிஸ் ஒருமுறை போய்ப் பார்த்தாள். மடக்கு நாற்காலிகள். வீடில்லாதவர்களுக்காக ஒரு பெட்டி நிறையக் கம்பளிச் சாக்ஸ். சுவரில் ஆட்டுத்தலை வரைந்த துணி. காபி சபையில் கொடுப்பதைப் போலவே தண்ணீராக இருந்தது.

"நிஜமாவே சாத்தானைக் கும்பிடறியாடா?" என்று திரும்பும் வழியில் கேட்டாள்.

"நம்ம வீட்டுல சாத்தான் இருக்கான்னு நம்பறவ அம்மா ஒருத்திதான். நான் நம்பல. கடவுளையும் நம்பல, அவனையும் நம்பல."

"அப்புறம் எதுக்குடா அந்தப் பேரு?"

"நீங்க எனக்கு வெச்ச பேருதானே. பதினாலு வயசுல வெச்சீங்க. வளர்ந்ததும் போட்டுப் பார்த்தேன், அளவு சரியா இருந்துச்சு." வண்டியை ஊர்ச் சாலைக்குத் திருப்பினான். பிறகு சொன்னான், "புத்தகம் ஒண்ணுதான் அக்கா. நீங்க ஜெயிச்சவர் பக்கத்துல உக்காந்து படிச்சீங்க. நான் மண்டி போட மாட்டேன்னு சொல்லிக் கீழ விழுந்தவன் பக்கத்துல உக்காந்து படிச்சேன்."

அறைக்கதவு திறந்தது. அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் ஹோபர்ட். அம்மாவின் முகம் அப்படி இருந்து லோயிஸ் பார்த்ததில்லை. அழுதிருந்தது, ஆனால் இறுக்கமெல்லாம் கழன்றிருந்தது.

"கையை அழுத்தினானாம் லோயிஸ். ஆண்டவரே இந்தப் பிள்ளையை ஏத்துக்கும்னு இவர் ஜெபிக்கறப்போ, இவர் கையை அழுத்தினானாம்."

"ரெண்டு தடவை, சகோதரி," என்றார் ஹோபர்ட். அவர் நல்ல மனிதர். கண் சிவந்திருந்தது. "நல்ல பலமா அழுத்தினார். எனக்குச் சந்தேகமே இல்ல."

லோயிஸ் துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் ஜெபம் பத்து நிமிடம் போகும். மிஷனரிகள், ஜனாதிபதி, பக்கத்துப் பண்ணையின் நோய்ப்பட்ட பசு என்று யாரும் விடுபட மாட்டார்கள். எல்லோரும் கைகோத்துக் கண்ணை மூடியிருக்க வேண்டும். மசித்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்கும். அப்போது சைலஸ் அவள் கையை இரண்டு முறை அழுத்துவான். இன்னும் எவ்வளவு நேரம்? அவள் ஒரு முறை அழுத்துவாள். கொஞ்சம் பொறு. வேறு யாருக்கும் அது தெரியாது.

ஹோபர்ட் திருப்பி அழுத்தியிருக்க மாட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை காலை இறுதிச் சடங்குக்கு அம்மாவை அழைத்துப்போக லோயிஸ் வந்தபோது, அம்மா இரண்டு முட்டையும் ரொட்டியும் முழுசாகச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"எட்டு மணி நேரம் தூங்கினேன் லோயிஸ். மூணு நாளா தூங்கறேன். உனக்குத் தெரியுமா, அவன் அந்தக் கூட்டத்துல சேர்ந்த நாள்லேர்ந்து நான் கண்ணை மூடினா அவன் நரகத்துல எரியறதுதான் தெரியும். தலைமுடி முதல்ல. பதினோரு வருஷம்." கைப்பையை மூடினாள். "ஹோபர்ட் இன்னைக்குச் சாட்சி சொல்றேன்னு சொல்லியிருக்கார். ஊர் தெரிஞ்சுக்கட்டும்."

"அம்மா, சைலஸ் என்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தான்."

அம்மா அவளை நேராகப் பார்த்தாள். "சொல்லாதே," என்றாள். பிறகு மேலங்கியின் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். ஒரு துளை தப்பிப்போய், எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட வேண்டியிருந்தது. லோயிஸ் உதவப் போனாள். அம்மா கையை விலக்கினாள்.

இறுதிச் சடங்கு மண்டபத்தின் வாசலில் டெப்ரா உணவுத் தட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தாள், பின்னால் சபைக்கு எடுத்துப்போக. சைலஸோடு மாவட்டத்தின் பனி அள்ளும் வண்டி ஓட்டிய டேல், அந்தக் கூட்டத்தின் இன்னும் ஆறு பேருடன் வந்தான். எல்லோரும் கறுப்பு உடையில். டேலின் நகங்களிலும் கறுப்புச் சாயம். கையில் அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டு.

"என்ன இது?" என்றாள் டெப்ரா, கையை நீட்டாமல்.

"உருளைக்கிழங்கும் சீஸும்."

"உங்க ஆளுங்க இதெல்லாம் சாப்பிடுவீங்களா?"

"குழந்தைக் கறி கிடைக்காத நாள்ல இதான்மா."

டெப்ரா ஓரடி பின்வாங்கினாள். டேல் உடனே வருந்தினான். "மன்னிச்சுக்கோங்க. சைலஸ் இருந்தா இதைத்தான் சொல்லுவான். என் அம்மா செய்யற மாதிரி செஞ்சது. மேல கார்ன்ஃப்ளேக்ஸ் தூவியிருக்கு." டெப்ரா தட்டை வாங்கிக்கொண்டாள்.

நாற்பது பேர் இருந்தார்கள். முன்னால் சிறிய மேசையில் சாம்பல் ஜாடி. அதன் பக்கத்தில், பனிக்குவியல் முன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் சைலஸின் படம். லோயிஸ் பியானோவில் இருந்தாள். தன் சாவன்று படிக்கச் சொல்லி சைலஸ் எழுதிக் கொடுத்த தாள் பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது.

ஹோபர்ட் எழுந்து பேசினார். பெரிதாக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். எண்ணெய், ஜெபம், கை. "ரெண்டு தடவை," என்றபோது தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். சபைக்காரர்கள் பக்கமிருந்து ஸ்தோத்திரம் எழுந்தது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். டேல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹோபர்ட் உட்கார்ந்து, பியானோவின் பக்கம் மெல்லத் தலையசைத்தார். இப்போது பாட்டு.

லோயிஸ் விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்தாள். அவை எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது வயதில், அந்த ஞாயிறன்றும் தெரிந்திருந்தது.

கையை எடுத்துவிட்டு எழுந்தாள்.

"அந்தப் படிவத்துல பாப்டிஸ்ட்னு எழுதினது நான்," என்றாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அவன் எழுதல. அவன் வேற சொன்னான். டெப்ரா பாத்துட்டு இருந்தா, எனக்கு வெக்கமா இருந்துச்சு, எழுதிட்டேன். அவன் யாரையும் கூப்பிடல. ஹோபர்ட் மேல தப்பில்ல." பிறகு அம்மாவின் பக்கம் பார்க்காமல் தாளைப் பிரித்தாள்.

"'இந்த ஊர் முன்னாடி பதினாலு வயசுல ஒரு பொய் சொன்னேன். வீட்டுக்குப் போக விடுவாங்கன்னுதான் அதைச் சொன்னேன். அதுக்கப்புறம் யார் கேட்டும் சொல்லல. நான் எதுலேர்ந்தும் திரும்பி வரல. டேலுக்கு என் நாயைக் கொடுங்க. அவனை அது ஏற்கெனவே ஏத்துக்கிட்டாச்சு. அம்மா, விடியறதுக்கு முன்னால பனி அள்ளப் போகும்போது உன் சமையலறை விளக்கு எரியறதைப் பாப்பேன். நீ யாருக்காக முழிச்சிருந்தேன்னு தெரியும். நீ பயப்படற இடத்துல நான் இல்லம்மா. எந்த இடத்துலயும் இல்ல. விளக்கை அணைச்சுட்டுத் தூங்கு.'"

யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது. பின்வரிசையில் ஒரு தம்பதி எழுந்து போனார்கள். அம்மா ஜாடியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். அன்று பாட்டு இல்லை.

சாப்பாடு சபையின் நிலவறையில். ஊரில் யார் செத்தாலும் அங்கேதான். பாதிப் பேர் வரவில்லை. டெப்ரா வந்திருந்தாள், கண் வீங்கி, தட்டுகளை அடுக்கிக்கொண்டு. டேல் படிக்கட்டின் தலைப்பில் நின்றான்.

"இங்கதானா அது?"

"இங்கதான். அந்த அடுப்புக்குப் பக்கத்துல நாற்காலி போட்டிருந்தாங்க."

அவன் கீழே எட்டிப் பார்த்தான். பிறகு அம்மாவின் வாக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்கையை நீட்டினான். அம்மா, கறுப்பு நகங்களுள்ள அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். பாஸ்டரின் விதவையான அம்மாதான் அங்கே எப்போதும் ஜெபிப்பாள். கைகள் கோத்துக்கொண்டன. அம்மாவின் ஒரு பக்கம் லோயிஸ், மறு பக்கம் டேல். என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற டேலின் கையை அம்மா தானே எடுத்துக்கொண்டாள். சபைக்காரர்கள் தலை குனிந்தார்கள். டேலும் அவனுடைய ஆட்களும் குனியவில்லை, ஆனால் கையை விடவில்லை.

அம்மா கண்ணை மூடினாள். உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது. காபிப் பாத்திரம் கொதித்து அடங்கியது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

லோயிஸின் உள்ளங்கையில் அம்மாவின் மெலிந்த விரல்கள் இறுகின. தளர்ந்தன. மறுபடி இறுகின.

லோயிஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. மேலங்கியின் பொத்தான்கள் அனைத்தும் சரியான துளைகளில் இருந்தன.

லோயிஸ் ஒரு முறை அழுத்தினாள்.

மேசையின் நடுவில், அலுமினியத் தாள் நீக்கிய தட்டில், உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.