வண்டி என்று எழுதப்பட்ட வீடு

...வண்டி, வீடு இல்லை, வண்டி, வாய் தவறிக்கூட வீடு என்று சொல்லிவிடக் கூடாது, லோயர் ஸலீம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், வீடு என்றால் வீட்டுக்கான சட்டமெல்லாம் கழுத்தில் ஏறி உட்காரும், அனுமதி எங்கே, கரண்டுக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்பார்கள், வண்டி என்றால் ரசீதைக் காட்டிவிட்டு எழுந்து வரலாம்... ரசீதிலும் அப்படித்தானே இருக்கிறது, 'இழுவை வண்டி ஒன்று, படுக்க, சமைக்க வசதியுடன்'. ஆனால் பண்டாரவளையில் தன் மின்சாமான் கடை வாசலில் முன்ஸிப் தொங்கவிட்டிருந்த பலகையில் என்ன எழுதியிருந்தது? 'காணி வேண்டாம், கொண்டுபோய் வைத்தால் வீடு'. அந்தப் பலகையை முந்தாநாள்தான் கழற்றிக் கடைக்குப் பின்னால் சாத்தினார். இப்போது பதுளையில், நுகர்வோர் முறைப்பாடு விசாரிக்கும் இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஸலீம் வேறு கோர்ட்டில் வேலை என்று வரவில்லை. இவரே சமாளிக்க வேண்டும்.

எதிரே வீரய்யா, பக்கத்தில் அவர் மனைவி ரெங்கம்மா. ஹல்துமுல்லைக்குக் கீழே தேயிலைத் தோட்டம், குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து, எழும்பிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள், எங்கே போவது? நிலம் தோட்டத்துடையது, அத்திவாரம் வெட்ட விடமாட்டார்கள், சக்கரத்தில் நிற்கும் வீட்டுக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை... அந்த யோசனை முன்ஸிப்புடையது, அவருக்கே அதில் கொஞ்சம் பெருமை, ஒரு வருசத்தில் பன்னிரண்டு விற்றார், பன்னிரண்டு குடும்பம் கையெடுத்துக் கும்பிட்டது. அது ஏமாற்றா? இல்லையே. நல்லதுதானே செய்தோம்? அப்புறம் ஒரு சாயங்காலம் கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த ரெங்கம்மா கீழே மண்ணில் நின்றபடி கதவுக் கைப்பிடியைப் பிடித்தாள், கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்தது, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, இடது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை, அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி என்ன கொழுந்து பறிப்பாள்... யாரோ பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த சாமானைப் போல அது அவள் மடியில் கிடக்கிறது. பார்க்காதே, அங்கே பார்க்காதே, மேசையைப் பார்.

அதிகாரி அம்மா கோப்பைத் திருப்பி வைத்தார். "வண்டியோ வீடோ, அது பிறகு. கரண்ட் அடிக்கிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி இவங்க போன் பண்ணி, தொட்டா சுர்ருங்குதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க போய்ப் பாத்தீங்களா? பாத்து, பழுது இல்லையென்டா இது விபத்து, முறைப்பாடு இதோட முடியும். சரியா பாக்கல்லையென்டா மத்த பதினொன்டையும் உங்கட பொறுப்பில திருத்திக் குடுக்கணும், அது வரைக்கும் விக்கவும் ஏலாது."

"போனேன் மேடம். என்ட கையாலயே தொட்டுப் பாத்தேன். ஒன்டும் இருக்கல்ல."

பொய்யா? அல்லாஹ் அறிய உண்மை. மழையோடு மழையாகப் போனார், பெரகல சந்தியிலிருந்து த்ரீவீலர் பிடித்து, அப்புறம் ஏற்றம் ஏறி, மூச்சிரைக்கப் போய்க் கைப்பிடியை முழுக் கையால் பிடித்தார், சுவரைத் தடவினார், ஒன்றுமில்லை, இரும்பென்றால் குளிருக்கு அப்படித்தான் இருக்கும், பயந்து பயந்து தொட்டால் சுர்ரென்றுதான் தெரியும் என்று கேலி செய்தார், வீணாகக் கூப்பிட்டுவிட்டோமே என்று அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். வேறென்ன செய்ய வேண்டும் ஒரு கடைக்காரன்?

"அவர் சொல்றது சரியா?" வீரய்யாவிடம் கேட்டார் அதிகாரி. வீரய்யா எழுந்து நின்றார். "சரிங்க மேடம். மொதலாளி வந்து புடிச்சுப் பாத்தாரு, அவருக்கு ஒண்ணும் அடிக்கல. இல்லாதத சொல்லக்கூடாதுங்க."

முறைப்பாடு கொடுத்த மனிதனே காப்பாற்றிவிட்டான். அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கினார், அவ்வளவுதான், முடிந்தது, லுஹர் தொழுகைக்கு முன்னால் வெளியே போய்விடலாம், ஸலீமுக்குப் போன் போட வேண்டும்... ரெங்கம்மாவின் கையைப் பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்தினார், அங்கே அவள் கால்கள். வெறுங்கால். வீரய்யாவும் வெறுங்கால். செருப்பை அறைக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், யாரும் கழற்றச் சொல்லவில்லை, அதிகாரி செருப்போடு இருக்கிறார், இவர் சப்பாத்தோடு... சப்பாத்து. அன்றைக்கு என்ன போட்டிருந்தார்? காலில் ஏறும் அட்டைக்குப் பயந்து தடித்த ரப்பர் சப்பாத்து. யா அல்லாஹ். இருபத்திரண்டு வருசமாக சுவிட்சும் வயரும் விற்கிறவனுக்கு இது தெரியாதா? வண்டிதானே என்று மண்ணில் ஏர்த் கம்பியும் இறக்கவில்லை. வீடு ரப்பர் டயரில் நின்றது, இவர் ரப்பர் சப்பாத்தில் நின்றார், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றது அவள் மட்டும். வெளியே மழை பிடித்துவிட்டது. மேலே தோட்டங்களில் இன்னும் பதினொரு கைப்பிடிகள், இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வரும் பிள்ளைகள்... வாயை மூடு முன்ஸிப், எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னும் இரண்டு வரி, நீ பொய் சொல்லவில்லை, கடை இருக்கிறது, கடனுக்கு எடுத்த சரக்கு இருக்கிறது, வாயை மூடு.

"மேடம்," என்றார். "அத எழுத வேணாம். அன்டைக்கு நான் ரப்பர் சப்பாத்து போட்டிருந்தேன். அதோட தொட்டா கரண்ட் தெரியாது. நான் பாத்தது பாத்ததுல சேத்தி இல்ல. மத்த பதினொரு வீட்டுலயும் இன்டைக்கே மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணச் சொல்லணும்." வீடு என்று சொல்லிவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது.

அதிகாரி பேனையை வைத்தார். அதற்குள் வீரய்யா பதறிப்போய், "அது மொதலாளி தப்பு இல்லீங்க மேடம்," என்றார். "சப்பாத்த கழட்ட வேணாம், அப்பிடியே வாங்கன்னு நாங்கதான் சொன்னோம்." ரெங்கம்மாவும் வேகமாகத் தலையாட்டினாள்.

"அப்படியா?" அதிகாரி முன்ஸிப்பைப் பார்த்தார்.

ஆமாம், சொன்னாள், நன்றாக நினைவிருக்கிறது, பரவாயில்ல மொதலாளி, கழட்டாதீங்க என்று ரெங்கம்மாதான் சொன்னாள்... தன் வீட்டில், பள்ளிவாசலில், பண்டாரவளையில் எந்தக் கூட்டாளி வீட்டு வாசலிலும் கால் தானாகவே கழற்றிவிடும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே? பாயில் சேறு அப்பியிருந்தது, அவர் சப்பாத்தோடு ஏற்கெனவே உள்ளே நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார், அவள் சொன்னாள், அந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது... அதிகாரி பதிலுக்காகக் காத்திருந்தார். குரல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.