கதவுக்குள் தேங்கிய தண்ணீர்

எல்வின் குவைத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தான். அவனுடைய பழைய பியட் காரை மலைமேல் நாயுடுபுரத்து வீட்டு வாசலில் நிறுத்தி, மனைவி ஜெனியின் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். கன்னிவாடியில் ஒரு எண்ணெய் ஆலைக்குப் பின்னால் கோழி அடைந்துகொண்டிருந்த கார் அது. வாங்கி வந்த நாளிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதன் அடியில்தான் கிடப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் காருக்குக் கீழிருந்து கால் மட்டும் ஆடும்.

ஜெனி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். போக வர ஸ்கூட்டர் இருந்தது. ஓட்டாமல் போட்டால் வண்டி கெட்டுவிடும் என்று எல்வின் கெஞ்சியதால், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாமனார் அடைக்கலராஜையும் மாமியார் புஷ்பமேரியையும் அதில் கூட்டிப்போவதாக ஒத்துக்கொண்டாள். மழை பிடிக்கும் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

ஐப்பசி மழை விடாமல் ஒரு வாரம் பெய்தது. அந்த ஞாயிறு முதல் வளைவில் திரும்பியபோதே ‘சளக்’ என்று ஒரு சத்தம்.

“ஏம்மா ஜெனி, கொடத்துல கிடத்துல தண்ணி வச்சிருக்கியா?” என்று பின்னாலிருந்து புஷ்பமேரி கேட்டார்.

“இல்லையே அத்தை.”

கோயிலுக்கு ஏறும் செங்குத்தான திருப்பத்தில் கார் ஒருபக்கமாகச் சாய்ந்தது. இடது பக்கக் கதவின் உள்பலகை இடுக்கிலிருந்து அழுக்குத் தண்ணீர் பீறிட்டு, முன்சீட்டில் இருந்த அடைக்கலராஜின் மடியில் விழுந்தது. சலவை வேட்டி. பூசை முழுக்க அவர் இரண்டு கையையும் மடியில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. வெளியே வந்தபோது யாரோ, “என்னண்ணே, அவசரமா?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

“இனிமே நான் நடந்தே வந்துக்கிர்றேன் தாயி” என்றார் அவர். சொன்னபடி அடுத்த ஞாயிறு மூட்டு வலியோடு அந்த மேட்டில் நடந்தார். ஜெனி காரை அவருக்குப் பின்னாலேயே ஊரவிட்டபடி, “ஏறுங்க மாமா, ஏறுங்க மாமா” என்று மன்றாடினாள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. பின்னால் வந்த டூரிஸ்ட் வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

அன்றைக்கே குவைத்துக்குப் போன் போட்டாள்.

“ரப்பர்தான் ஜெனி. கண்ணாடிக்கு அடியில இருக்க ரப்பர் போயிருக்கும். மாத்திட்டா சரியாயிரும்.”

மூஞ்சிக்கல்லில் வேலுச்சாமியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். இந்த வண்டிக்கு இங்கே ரப்பர் கிடைக்காது என்றார். திண்டுக்கல்லில் சொல்லி, பஸ்ஸில் வரவழைத்து, லீவு போட்டு மாட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் பெய்த மழையில் பழையபடி சளக்.

“அப்ப தார்ப்பாய் போட்டு மூடு” என்றான் எல்வின். மூடினாள். காற்று அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டுப் பேரிக்காய் மரத்தில் போட்டது.

“பழைய கார் குரூப்ல ஒருத்தர் சொல்றாரு, ஹேர் டிரையர் வச்சு உள்ள காத்தடிச்சா…”

“கதவுக்கு ஹேர் டிரையரா? எனக்கு வேற சோலி இல்லையாங்க? பரீட்சை பேப்பர் கட்டுக்கட்டாக் கெடக்கு!”

பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தாள். ஆத்திரம் அடங்கவில்லை. இந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று அப்போதே தீர்மானித்தாள்.

வியாழக்கிழமை மழையால் பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டது. சுடிதாருக்கு மேல் எல்வினின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றி, இடது முன்கதவின் உள்பலகையை நெம்பினாள். அது ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே முழங்கை அளவுக்குக் கறுத்த தண்ணீர். பைன் ஊசிகள் மிதந்தன. கொசுப்புழு நெளிந்தது. மேலே கண்ணாடி ஏறி இறங்குகிற சந்து வழியாக, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மழை சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. புது ரப்பர் பாதியைத்தான் தடுத்தது.

இறங்குகிற தண்ணீர் ஒரு பக்கம் வெளியே போக வேண்டுமே? சாக்கை விரித்துத் தரையில் மல்லாந்து, கதவின் அடிவிளிம்பை விரலால் தடவினாள். வரிசையாக மூன்று இடத்தில் வழவழப்பாக, கெட்டியாக எதையோ வைத்து அடைத்திருந்தது. வெள்ளை சிலிக்கான். அதன்மேல் கட்டைவிரல் அழுத்திய தடம்கூடத் தெரிந்தது. அது யாருடைய விரல் என்று அவள் கேட்கவே வேண்டியதில்லை. ஆனாலும் படுத்தபடியே வீடியோவில் கூப்பிட்டாள்.

“இது என்னங்க?”

“அதுவா? நான்தான் அடைச்சேன். அடியில ஓட்டை ஓட்டையாக் கெடந்துச்சு. ரோட்டுத் தண்ணி தெறிச்சு உள்ள போயிரும்ல?”

“மேல எறங்குற தண்ணி எங்குட்டு வழியாப் போகும்?”

“செஞ்சவன் அடைக்க மறந்துட்டான் போலன்னு நெனச்சேன்.”

“நாலு கதவுலயுமா மறந்தான்?”

“சரி, தொடாத ஜெனி. டிசம்பர்ல வந்து நானே பாக்குறேன். நீ எதையாச்சும் கீறிவிட்டுறாத.”

ஜெனி போனைப் பேனட் மேல் கவிழ்த்து வைத்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பின்கதவுகள் இரண்டிலும் அடைப்பைக் குத்தி இழுத்ததும் பழுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, ஸ்வெட்டர் கைக்குள் புகுந்து அக்குள் வரை ஓடியது. டிரைவர் பக்கமும் அப்படியே. கடைசியாக இடது முன்கதவு. சிலிக்கானை இழுத்தபோது அதோடு தகரமும் சேர்ந்து வந்தது. துரு தின்று உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கையிலிருந்த துண்டைப் பார்த்தபடி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பாடும் பட்டு, கடைசியில் ‘நீதான் கெடுத்தாய்’ என்ற பெயர்தான் மிச்சமா என்று நினைத்ததும் கண் கலங்கியது.

அடைக்கலராஜ் வெளியே வந்து குனிந்து பார்த்தார்.

“ஓட்டையாப் போச்சா தாயி?”

“ஆமா மாமா.”

“அப்ப தண்ணி தங்காதுல்ல?”

“தங்காது மாமா.”

“நல்லதாப் போச்சு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வெரசா உள்ள போயி துணியை மாத்து, சளி பிடிச்சுக்கிரும்.”

மகனிடம் போனில் அவர் பேசியது சுவரைத் தாண்டிக் கேட்டது. அதற்கப்புறம் இரண்டு நாள் எல்வினிடமிருந்து அழைப்பு இல்லை. சனிக்கிழமை ஒரு வரி வந்தது: ‘அந்தக் கதவுக்குப் புதுத் தகரம் வைக்கணும். வேலுச்சாமிகிட்ட நீயே கேட்டுரு.’ மன்னிப்பு அதில் இருந்தாலும் இருக்கலாம். தேடிப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.

ஞாயிறு காலை அடைக்கலராஜ் தானாகவே வந்து முன்சீட்டில் ஏறினார். கொட்டும் மழையிலும் கதவுகளில் சத்தம் இல்லை. அடியில் சொட்டிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். வேட்டி நனையாமல் அவர் கோயிலுக்குள் போனதைப் பார்த்தபோது ஜெனிக்கு ஒரு மாதத்தில் முதல்தடவையாகத் தோளிலிருந்து பாரம் இறங்கியது.

திரும்பும் வழியில், ஒரு மேட்டில், பின்கதவுக்குள் ‘டொங்’ என்றது. புஷ்பமேரி பக்கத்துக் கண்ணாடி முழுசாகக் கதவுக்குள் விழுந்துவிட்டது. அதைத் தாங்கிய இரும்பு இத்தனை நாள் தண்ணீரில் ஊறி அறுந்திருக்க வேண்டும். சாரல் நேராக உள்ளே அடித்தது.

“ஏம்மா, நிறுத்தணுமா?”

“நிறுத்துனா மறுபடி வண்டி மேட்டுல எடுக்காது அத்தை.”

புஷ்பமேரி காருக்குள்ளேயே குடையை விரித்தார். ஜெனி பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினாள்.