எல்லோரும் எழுதி முடிக்கும் வரை

எங்கள் வேலை முகர்வது. தேயிலைத்தூள், சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், எது வந்தாலும் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு எண் ஒட்டித் தருவார்கள். நிறம் தெரியக் கூடாதென்று அறையில் சிவப்பு விளக்கு. நடுவில் தட்டிகள். மூன்று பேரும் முகர்ந்து, என்ன வாடை, அதன் காட்டம் பத்துக்கு எத்தனை என்று எழுதுவோம். எல்லோரும் எழுதி முடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது.

"ஒருத்தி வாயைத் திறந்தா மத்த ரெண்டு மூக்கும் கெட்டுப்போச்சு" என்பாள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. பத்து வயது மூத்தவள், எங்களுக்குத் தலைமை, அதனால் அக்கா. இன்னொருத்தி வாலு. ஏன் அந்தப் பெயர் என்பது அவளோடு கால் மணி நேரம் இருந்தால் தெரிந்துவிடும்.

எனக்கு அந்த விதி பிடிக்கும். பேசாமலிருக்கச் சம்பளம் தரும் வேலை வேறெங்கே கிடைக்கும்?

ஆப்பிரிக்கக் காட்டைப் பார்க்க ஐந்து வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று பேருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைக்காது, அறையே மூடிவிடும். இந்த வருடம் மேல்தளம் ஒழுகி, பழுதுபார்க்க இரண்டு வாரம் அறையை மூடினார்கள். அன்று மாலையே வாலு டிக்கெட் எடுத்தாள்.

"மூணு மூக்கும் ஒரே விமானத்துல. விழுந்துச்சுன்னா கம்பெனி திவால்" என்றாள்.

காட்டிலும் அக்கா எங்களை விடவில்லை. ஆளுக்கொரு சின்ன நோட்டு கொடுத்தாள். ஜீப்பில் போகும்போது ஏதாவது வாடை வந்தால் முழங்காலில் தட்டுவாள். நேரத்தைக் குறித்து எழுதுவோம், பிறகு ஒவ்வொருவராக வாசிப்போம். வரிக்குதிரைக் கூட்டத்தின் புழுதிக்கு வாலு "பழைய செருப்பு, ஏழு" என்று எழுதியிருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மூன்றாம் நாள் டிரைவருக்கு ஜலதோஷம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு டிஷ்யூ சுருள் வைத்திருந்தார். "இன்னிக்கு என் மூக்கு லீவு. ஏதாவது வாடை வந்தா உடனே சொல்லுங்க" என்றார் ஆங்கிலத்தில்.

"எழுதிட்டுச் சொல்றோம்" என்றாள் வாலு.

ஒன்பது மணிக்கு மேல் வாலுவுக்கு அவசரம் வந்தது.

"ரெண்டு ஃபிளாஸ்க் டீயைக் குடிக்காதேன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் அக்கா.

"அக்கா, உபதேசத்தை அப்புறம் கேக்குறேன். இப்ப வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

இடது பக்கம் முள்மரங்கள் அடர்ந்திருந்தன. வலது பக்கம் வெட்டவெளி, பதினைந்து அடி தள்ளி ஒற்றைப் புதர். டிரைவர் இருக்கை மேல் ஏறி நின்று நான்கு பக்கமும் பார்த்தார். கையைத் தட்டினார். எதுவும் அசையவில்லை. அந்தப் புதரைக் காட்டி, இரண்டு நிமிடம் என்றார்.

அப்போது காற்று திரும்பியது.

தார், ஈர மயிர், அடியில் தொண்டையை அறுக்கும் ஓர் இனிப்பு. கல்லூரியில் படிக்கும்போது மிருகக்காட்சி சாலையில், தனிக் கொட்டகையில் நான்கு காலிலும் சங்கிலி போட்டு நின்ற ஆண் யானையிடமிருந்து வந்த அதே வாடை. பாகன் எங்களை ஐம்பது அடிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டான்.

அக்கா முழங்காலில் தட்டினாள். நான் எழுதினேன்: 9.12. மதநீர். ஒன்பது.

"எனக்கும் ஏதோ வருது. வந்து எழுதுறேன், யாரும் காப்பியடிக்கக் கூடாது" என்று சொல்லி, வாலு தன் நோட்டை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

'இறங்காதே' என்பது ஒரே ஒரு சொல். ஆனால் அக்கா இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது பேசினால் அவள் மூக்கு கெட்டுவிடும் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு, ஒன்பதுதானே போட்டேன், பத்து இல்லையே என்றும் நினைத்தேன்.

அக்கா நோட்டை மூடினாள். வாலுவின் நோட்டைக் கண்ணால் காட்டி, பொறு என்பது போல விரலை உயர்த்தினாள். டிரைவர் மூக்கைச் சிந்தினார்.

முள்மரங்களுக்குள் ஒரு கிளை முறிந்தது.

"யானை" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அக்கா "ஷ்" என்றாள். நான் எக்கி டிரைவரின் தோளைப் பிடித்தேன். "யானை. மதம் பிடிச்சிருக்கு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

நான் நோட்டை மூடினேன்.

அது ஓடி வரவில்லை. நிதானமாக வெளியே வந்து, எங்கள் வண்டிக்கு முன்னால் பாதையைக் கடந்து, வண்டிக்கும் புதருக்கும் நடுவில் நின்றது. கன்னத்தில் கறுப்பாக ஒழுகிய கோடு. பின்னங்கால்கள் நனைந்திருந்தன. அந்தப் பக்கம் வாலு எழுந்து நின்றாள். டிரைவர் கையை விரித்து அப்படியே நிறுத்தினார். ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவள் கல்லாக நின்றாள்.

யானை துதிக்கையை அவள் பக்கம் நீட்டியது. நுனி திறந்து மூடியது, திறந்து மூடியது. காது இரண்டும் விரிந்தன. அவளை நோக்கி ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி.

டிரைவர் கதவின் வெளித்தகட்டில் ஓங்கி அறைந்தார். மறுபடி அறைந்தார். அது எங்கள் பக்கம் திரும்பியது.

இடித்தபோது ஜீப் ஒரு பக்கமாக எழும்பி விழுந்தது. என் நெற்றி கம்பியில் மோதியது. வாலு முன்பக்கமாகச் சுற்றி ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை. டிரைவர் அவள் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்ததையும், வண்டி கிளம்பியதையும்தான் பார்த்தேன். அது கொஞ்ச தூரம் துரத்தி வந்து நின்றுவிட்டது.

ஆற்றைத் தாண்டிய பிறகே டிரைவர் வண்டியை நிறுத்தினார். வாலுவின் காலில் ஒரு ஷூதான் இருந்தது.

"யாருக்கு முதல்ல தெரிஞ்சுது?" என்றாள்.

"எனக்கு ஆட்டுப்பட்டி மாதிரி இருந்துச்சு" என்றாள் அக்கா. "யாருக்குமே தெரியாதுடி. கிளை முறிஞ்சப்பதான்..." சொல்லிக்கொண்டே என் கையை அழுத்தினாள்.

"எனக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

"எப்போ?"

"நீ இறங்குறதுக்கு முன்னாடி."

"என்னன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

ஏதாவது கேலியாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் திரும்பிச் சாலையைப் பார்த்தாள். பிறகு பின்னிருக்கைக்கு வரவே இல்லை, டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

இன்னும் நான்கு நாள் இருந்தது. சிங்கங்களைப் பார்த்தோம். ஒரு சிறுத்தையையும் பார்த்தோம். வாலு அக்காவிடம் பேசினாள், டிரைவரிடம் சிரித்தாள். என்னிடம் தண்ணீர் பாட்டில் கேட்டால் "கொஞ்சம் தர்றீங்களா?" என்றாள். அதுவரை என்னை 'நீங்க' என்று அவள் சொன்னதில்லை.

கடைசி நாள் காலையில் ஒரு பாறை மேட்டில் வண்டி நின்றது. கீழே சமவெளி முழுவதும் தெரியும், இறங்கிப் படம் எடுக்கலாம் என்றார் டிரைவர். அக்கா இறங்கிவிட்டாள். வாலு கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் காற்றை இழுத்து முகர்ந்தேன். காய்ந்த புல், சூடான கல், வேறொன்றுமில்லை.

"எந்த வாடையும் இல்ல" என்றேன், அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக. "இறங்கலாம்."

அவள் இறங்கவில்லை.