அசையாத கல்

ரோவீனா அந்தப் பிளவுக்குள் வலக்கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை போயிற்று, தோள் வரை போயிற்று, விரலுக்கு அடி தட்டுப்படவில்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து கன்னத்தில் பட்டது. பாசி கிழிந்த ஓரத்தில் களிமண் காயாமல் பளபளத்தது. போன செப்டம்பரில் இந்தப் பிளவு இல்லை. அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஏனென்றால் சரியாக இதே இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துதான் அவள் புகைபோட்ட சால்மன் மீனும் கெட்டி பிஸ்கட்டும் தின்றாள்.

சரிகிற மலையில் பிளவு இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அது இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. கீழே சரிவில் ஆறு கருவிகள் இருந்தன. மலை மயிரிழை நகர்ந்தாலும் சொல்லிவிடக் கூடியவை. ஆனால் எதிலிருந்து நகர்ந்தது என்று சொல்ல அசையாத ஒரு கல் வேண்டும். அதில் ஏழாவது கருவி ஒன்றைப் பொருத்தி, அதை வைத்துத்தான் மற்ற ஆறையும் அளப்பார்கள். அந்த ஏழாவது இதோ அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. பிளவோ அதற்கும் மேலே, முதுகுப் பக்கம் ஓடியது. அதாவது அசையாத கல்லும் மலையோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. ஒரே பேருந்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்து, நாம் நகரவே இல்லை என்று சொல்லிக்கொண்ட கதைதான். மூன்று வருடமாக அறிக்கையில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்றே வந்துகொண்டிருந்தது. சரிவு உறங்குகிறது என்று வசந்த காலத்தில் மேலிடம் கையெழுத்தும் போட்டுவிட்டது.

அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். எதிர்க்கரை முகட்டில் வைப்பதாகத்தான் திட்டம். பொருத்த வந்த அன்று மூடுபனி. ஐந்து நிமிடத்தில் கிளம்பாவிட்டால் மூன்று நாள் இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று ஹெலிகாப்டர்காரன் கத்தினான். இந்தப் பாறை அகலமாக, கெட்டியாக, யோக்கியமாகத் தெரிந்தது. துளை போட்டுத் திருகி, படம் எடுத்து அனுப்பினாள். அவளை வருடா வருடம் வேலைக்குக் கூப்பிடும் தேசியப் பூங்காவின் தலைமை நிலவியலாளர் டிரெவர், நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் போட்டார். இருந்தாலும் பொருத்திய படிவத்தில் இருப்பது அவள் பெயர்தான். அவமானம் காதைச் சுட்டது. அப்புறம் கீழே பார்த்தாள், அவமானம் எல்லாம் ஓடிப்போய் பயம் வந்து உட்கார்ந்தது.

எழுநூறு மீட்டர் நேர் கீழே, விரிகுடாவின் பச்சைத் தண்ணீர். இந்த மலை அதில் விழுந்தால் எழும்பும் அலைக்கு முன்னால் எதுவும் நிற்காது. விரிகுடா முழுக்க ஆழம். நங்கூரம் பிடிக்கிற கடலடி மேடு ஒன்றே ஒன்றுதான், அதுவும் இந்தச் சரிவின் காலடியில். வியாழக்கிழமைதோறும் ‘ஃபயர்வீட்’ கப்பல் எழுபது பயணிகளோடு வந்து அங்கேதான் ராத்தங்கும். அன்று வியாழக்கிழமை.

செயற்கைக்கோள் தொலைபேசியில் டிரெவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு பிளவைப் பார்த்துட்டு விரிகுடாவை மூட முடியாது ரோவீனா. நகரத்துல இருக்கிற கருவியோட ஒப்பிட்டு மூணு வருஷக் கணக்கையும் மறுபடி போடணும். ரெண்டு வாரம் கொடு.”

“கப்பல் மூணு மணிக்கு வருது.”

“மூணு வருஷமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு.”

“மலையும் மூணு வருஷமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு, சார்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரேடியோவுல வாயைத் திறந்துடாத. எச்சரிக்கை விடறதுக்கு உனக்கு அதிகாரம் கிடையாது. கருவி பொருத்தின படிவத்துல யார் கையெழுத்து இருக்குன்னு உனக்கே தெரியும். அடுத்த வருஷமும் உன்னைக் கூப்பிடணும்னுதான் நான் நினைக்கிறேன்.”

அவள் பிறந்த ஊரார் ஒரு காலத்தில் இந்த விரிகுடாவில்தான் குடியிருந்தார்கள். பனிப்பாறை முன்னேறி வந்து அவர்களைத் துரத்தியது. அது பின்வாங்கியபோது பூங்கா வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்குச் சொந்த வாசலில் கால்வைக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதிகாரம் கிடையாது என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவளை அதே சொல்லால் மிரட்டினால் என்ன ஆகும் என்று டிரெவர் யோசித்திருக்க வேண்டும். அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, முட்புதரில் கை கிழிய, இரண்டு மணி நேரத்தில் இறங்கி வந்தாள்.

கரையில் படகோடு காத்திருந்தவன் ஹெர்மன், அவள் சித்தப்பா மகன். கரடிக் காவலுக்குத் துப்பாக்கியோடு வந்தவன், அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் எழுந்து, தலைக்கு மேலே மலையை ஒருமுறை பார்த்தான்.

“சரி, கிளம்பலாம்.”

“கிளம்பலாம். எங்கேன்னு கேளு.” அவள் மேட்டின் நட்டநடுவைக் காட்டினாள். “அங்க நங்கூரம் போடப் போறேன்.”

கடலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் நங்கூரம் போட்டவனுக்கே இடம். பிறகு வருகிறவன், அவன் எவ்வளவு பெரிய கப்பலானாலும், முன்னவன் சுற்றிச் சுழல இடம் விட்டுத்தான் போட வேண்டும். மேடோ சிறியது. அதன் நடுவே நீளச் சங்கிலியில் ஆடுகிற ஒரு படகு போதும், வேறு எவனுக்கும் அங்கே இடமில்லை. எச்சரிக்கை விடத்தான் அவளுக்கு அதிகாரம் கிடையாது. நங்கூரம் போடக் கூடாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

“உன்னை எதிர்க்கரையில இறக்கி விட்டுடறேன்” என்றாள்.

“அலை வந்தா எதிர்க்கரை மட்டும் என்ன, எட்டாவது மாடியிலயா இருக்கு? சும்மா இரு அக்கா. நீ ஒருத்தியே செத்துப்போய் ஊர்ல நல்ல பேரு வாங்கிடலாம்னு பாக்கற.” ஹெர்மன் சிரிக்காமல் சொல்லிவிட்டு இயந்திரத்தை முடுக்கினான். மேட்டின் நடுவில் அவள் நங்கூரத்தை இறக்கினாள்.

மூன்றே கால் மணிக்கு விரிகுடாவின் வாயில் வெள்ளையாகக் கப்பல் தெரிந்தது. கேப்டன் ஆர்னி அவளோடு பள்ளியில் படித்தவன். நல்லவன், ஆனால் எழுதிக் கொடுத்ததைத் தவிர எதையும் நம்பாதவன். ரேடியோவில் அவன் குரல் வந்தது.

“ரோவீனா, அது நீதானா? நம்ம இடத்துல நிக்கற மாதிரி இருக்கே.”

“இடம் நல்லா இருந்துச்சு கேப்டன். தங்கிட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியலை. மீன் கடிக்கிற வரைக்கும்.”

“நீ தூண்டிலே போடலையே.”

கப்பல் வேகத்தைக் குறைத்தது. மேல்தளத்தில் மழைச்சட்டைகள் வரிசையாக நின்று எதையோ கைகாட்டுவது தெரிந்தது. மறுபடி பேசியபோது ஆர்னியின் குரலில் விளையாட்டு இல்லை.

“மேல ஏதாவது பாத்தியா?”

“பேச எனக்கு அனுமதி இல்லை, ஆர்னி.”

ரேடியோ உறுமிக்கொண்டே இருந்தது. பேச அனுமதி இல்லை என்று ஒரு பெண் சொன்னதை நாற்பது மைல் சுற்றுவட்டாரத்தில் எல்லாப் படகும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நினைத்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசாக இருந்தது.

“அப்படின்னா முதல்ல அங்கேருந்து வெளிய வா” என்றான் ஆர்னி, சட்டென்று. “அந்த மலைக்குக் கீழ நிக்காத. பைத்தியமா உனக்கு?”

“ஏன்? சரிவு உறங்குதுன்னு உன் மேசையில அறிக்கை இருக்குமே. எடுத்துப் படி.”

கப்பலின் மூக்கு மெல்ல, யோசித்து யோசித்துத் திரும்பியது. அதன் பின்னால் நுரை ஒரு பெரிய வளைவு போட்டது. மழைச்சட்டைகள் ஒவ்வொன்றாக மறுபக்கத்துக்கு நகர்ந்தன. டிரெவரின் அழைப்பில், இருக்கைக்கு அடியில் கிடந்த அவள் தொலைபேசி அடித்து ஓய்ந்து மீண்டும் அடித்தது.

ஹெர்மன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. “கப்பல் போயிடுச்சு. நாமளும் போலாமா அக்கா? நாளைக்கு வேற கப்பல் வரும். தினமும் இங்க வந்து உக்காருவியா?”

மலையில் எங்கோ ஒரு கல் கழன்று, தட்டித் தட்டி இறங்கித் தண்ணீரில் விழுந்தது. வளையங்கள் விரிந்து வந்து படகின் வயிற்றைத் தொட்டுக் கடந்தன. ரோவீனா முன்பக்கம் போய் மண்டியிட்டு, கொக்கியைத் தளர்த்தி, இன்னும் இருபது பாக நீளத்துக்குச் சங்கிலியைத் தண்ணீருக்குள் விட்டாள். ஒவ்வொரு கண்ணியாக அது இறங்கிக்கொண்டே போனது.