வீட்டுக்கு ஒரு விளக்கு

அவள் வேலை பார்க்கும் அணைக்கட்டு மின்நிலையத்தை அவள் தம்பி 'கிழவி' என்றுதான் சொல்வான். அவன் வேலை பார்ப்பது சமவெளியிலுள்ள அனல்மின் நிலையத்தில். அங்கே ஓர் எந்திரம் தருவதை இங்கே எல்லா எந்திரமும் சேர்ந்து முக்கினாலும் தர முடியாது. அது உண்மை என்பதால் அக்காளுக்கு எரிச்சல் இரட்டிப்பு.

அன்று நண்பகலில் வட்டாரம் முழுக்க மின்சாரம் போயிற்று. அனல்மின் நிலையமும் அடங்கிவிட்டது. அதை மறுபடி கிளப்ப வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். கிழவிக்கு யார் தயவும் வேண்டாம், தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும். ஷிப்ட் இன்ஜினியரான அவள் திறந்தாள். எந்திரம் சுழன்றது. அது தள்ளாடாமல் நிற்கக் கொஞ்சம் பளு வேண்டுமே என்று, அணை ஊழியர்களின் காலனிக்கு முதலில் மின்சாரம் விட்டாள். எந்திரம் முனகிக்கொண்டே நின்றுவிட்டது.

காலனிக்காரர்கள் சுவிட்சை அணைத்ததே கிடையாது. கரண்ட் போனாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். நம்ம வீட்டுக் கரண்ட் எங்கே போய்விடும் என்ற திமிர். அத்தனை மின்விசிறியும் மோட்டாரும் இஸ்திரிப்பெட்டியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் எந்திரம் என்ன செய்யும்? சொந்த ஜனமே காலை வாரிவிட்டது.

தண்ணீர்க் கதவைத் திறக்கும் எண்ணெய் அழுத்தம் இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சமிருந்தது. அதுவும் போனால் ஆஸ்பத்திரி உட்பட எல்லாம் இருட்டு. தொலைபேசியில் தம்பி.

"என்னக்கா, நின்னுடுச்சா?"

"இன்னொரு தடவை பாக்கறேன். நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

"நான் ஒண்ணும் சொல்லலையே. உன்ன விட்டா எங்களுக்கு வேற கதியில்லக்கா."

ஆற்றில் தண்ணீர் திறக்கும்போது எச்சரிக்கும், பேட்டரியில் ஓடும் மைக்கை அவள் எடுத்தாள்.

"காலனியில எல்லாரும் கேளுங்க. எல்லா சுவிட்சையும் அணைங்க. வீட்டுக்கு ஒரு லைட்டு மட்டும் இருக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் வேற எதையும் போடாதீங்க. நம்ம மானம் உங்க கையில இருக்கு."

மறுபடி திறந்தாள். காலனிக்கு விட்டதும் மீட்டர் முள் நடுங்கி, இறங்கி, ஏறி, நிலைத்தது. பிறகு தம்பியின் நிலையத்துக்கு விட்டாள்.

"வந்துடுச்சுக்கா. இனிமே கிழவின்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லிக்கோ. வயசானவதானே."

ஊர் ஊராக உயிர் வந்தது. அந்தி சாயும்போது வேலையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அக்கரை முழுக்க வெளிச்சம், டிவி சத்தம். காலனியில் மட்டும் வீட்டுக்கு ஒற்றை விளக்கு. பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அவள் கணவன் வியர்வையில் ஊறிய பனியனோடு, செய்தித்தாளால் விசிறிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, இங்க சரியா கரண்ட் வரலையா?"

"அதெல்லாம் மத்தியானமே வந்துடுச்சு. போடலாம்னு நீதான் இன்னும் சொல்லல."

அவளுக்குப் பெருமையும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கை நோக்கித் திரும்பி ஓடினாள்.